உயிர்ச்சுமை

மார்ச் 4, செவ்வாய்

நூலக வேலையின் முதல் வரைபடம் வந்தது. எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு பச்சை வட்டங்கள். ஒரு வட்டம் என்றால் ஒரு செடி. மூத்தவளுக்கு எங்கே வழி தெரியவில்லையோ அங்கே ஒரு பச்சை வட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு சுவர்கள் ஒழுங்காகச் சேரவில்லையா, வட்டம். தூண் நடுவழியில் நிற்கிறதா, அதைச் சுற்றி நான்கு வட்டம். கழிப்பறைக் கதவு வாசிப்பு மேசையைப் பார்த்துத் திறக்கிறதா, அடர்த்தியாக மூன்று. வட்டத்துக்குள் என்ன செடி, அங்கே வெளிச்சம் எவ்வளவு, தண்ணீர் எப்படிப் போகும் என்பதெல்லாம் என் தலையெழுத்து.

மூத்தவள் என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. என் ஓரகத்தி. ஒன்பது வருடங்களாக, அவளுடைய உள்ளலங்கார அலுவலகத்தில், என் முதலாளியும்கூட. வயதில் என்னைவிட இரண்டு வருடம் சின்னவள். அண்ணனைக் கட்டியதால் இருபத்திரண்டு வருடங்களாக நான்தான் அவளை அக்கா என்கிறேன். அவள் என்னை டீச்சர் என்பாள். கல்லூரியில் தாவரவியல் துறையை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிய வருடத்திலிருந்து அப்படித்தான். அது மரியாதை இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

மார்ச் 6, வியாழன்

ஒளிமானியோடு நூலகத்துக்குப் போனேன். நல்ல கூடம். அதைக் கெடுக்க ஆள் வேண்டும், எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

உயரமான ஒரே கூடம். மேற்கே நான்கு பெரிய ஜன்னல்கள். எதிர்ச்சுவரில், தலைக்கு மேலே, பழைய புத்தக அலமாரிகளை எட்டுவதற்காகக் கட்டிய ஒரு மர மாடம். நீளம் பன்னிரண்டு மீட்டர், இரண்டு பேர் உரசாமல் நடக்கும் அகலம். அதன் விளிம்பு நெடுக ஒரே தொட்டி வைத்து, அதிலிருந்து கொடிகள் திரைபோலக் கூடத்துக்குள் இறங்க வேண்டும் என்பது மூத்தவளின் யோசனை. அளந்து பார்த்தேன். மாட விளிம்பில் ஆயிரத்து நூறு லக்ஸ் வெளிச்சம். அங்கே எதுவும் வளரும். கூடத்தின் எதிரொலியையும் இலைகள் கொஞ்சம் குடித்துவிடும். எழுதவே எரிச்சலாக இருக்கிறது: யோசனை சரியானது.

கழிப்பறை வாசலில் நாற்பது லக்ஸ். அந்த இருட்டில் பாம்புக் கற்றாழைகூட ராஜினாமா எழுதிக் கொடுக்கும். அதைப் பற்றி மெயில் போட்டேன்.

மார்ச் 19, புதன்

இன்று பொருள் பட்டியல் கூட்டம். செடிகள் ‘தளவாடங்கள்’ என்ற தலைப்பில், குடைத்தாங்கிக்குக் கீழே, குப்பைக்கூடைக்கு மேலே இருந்தன. போன மாதமும் அப்படித்தான். ஒன்பது வருடமாக அப்படித்தான். இன்று என்னவோ, வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“அக்கா, செடி சாமான் இல்ல.”

“பின்ன என்ன டீச்சர், சொந்தக்காரங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். வரைபடக்காரர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

“உயிருள்ளது. தனித் தலைப்பு வேணும்.”

“நம்ம ஆபீஸ் பூனையும் உயிருள்ளதுதான். அதுக்கும் ஒரு தலைப்பு போட்டுடலாமா?”

நான் விடவில்லை. சாமான் என்று எழுதுவதால்தான் சாமான்போலக் கொண்டுவந்து இறக்குகிறீர்கள், படம் எடுத்து முடிந்ததும் சாக விடுகிறீர்கள், நாலாவது வாரம் வாடகை வண்டியில் வேறு செடி வருகிறது. இது அலங்காரம் இல்லை, தவணை முறையில் கொலை என்றேன். நூலகரும் உட்கார்ந்திருந்தார், புத்தகங்களைத் தவிர எதையும் நேராகப் பார்க்காத மனிதர். அவர் முன்னால் அப்படிச் சொன்னது மூத்தவளுக்குச் சுரீரென்றது. முகத்தில் தெரிந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

“போட்டுத் தொலை” என்றாள்.

மார்ச் 21, வெள்ளி

‘உயிருள்ளவை.’ புதிய பட்டியலில் தனித் தலைப்பு, கொட்டை எழுத்தில். அதன் கீழே என்னுடைய பதினெட்டு இனங்களும் தொட்டிகளும், எடையோடு. எடையைக் காய்ந்த மண்ணுக்குக் கொடுக்கவில்லை. முழுக்க நனைந்த மண்ணுக்குக் கொடுத்தேன். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

ஒரு வார்த்தைக்காக இவ்வளவு சந்தோஷமா? ஆமாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

மாடத்தில் தொட்டி ஏறியது. நானே ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், இரண்டு முனையிலும் நடுவிலும். மூன்று இடத்திலும் குமிழி அசையாமல் நடுவில் நின்றது. மண் நிரப்புமுன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். இரண்டு பக்கமும் சமமாகப் போய், முனைகளில் இருக்கும் வடிகுழாய்களில் இறங்கியது. சொல்லிவைத்தாற்போல. குறிப்பேட்டில் எழுதித் தேதி போட்டுவிட்டேன், பின்னால் யாராவது வாயைத் திறந்தால் காட்டுவதற்கு.

வீட்டில் அவர் கேட்டார்: “நீங்க ரெண்டு பேரும் செடிக்காகச் சண்டை போடறீங்களா, செடிய வச்சுச் சண்டை போடறீங்களா?” பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுப்பவர். விடை தெரிந்த கேள்வியைத்தான் கேட்பார்.

மே 5, திங்கள்

கொடிகள் நன்றாகப் பிடித்துக்கொண்டன. பராமரிப்பு நிறுவனம் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளை அனுப்பியிருக்கிறது. என் வயதுதான் இருக்கும். ஏதோ ஒரே மெட்டைத் தொண்டைக்குள்ளேயே முனகிக்கொண்டு வேலை செய்கிறார். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்க்கிறார். ஈரமானி ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன், இதைப் பயன்படுத்துங்கள் என்றேன்.

“இருக்கட்டும்மா. விரலுக்கு பேட்டரி மாத்த வேணாம்.”

சிரிக்கவில்லை நான். இடம் கொடுத்தால் எல்லோரும் நகைச்சுவை நடிகர்கள்தான்.

மே 23, வெள்ளி

மாடத் தொட்டியின் நடுவில் மூன்று செடிகள் மஞ்சள். அடி இலைகள் கொழகொழவென்று. முனைகளில் இருப்பவை எதிர்மாறாக நுனி கருகிக் கிடக்கின்றன. ஒரே தொட்டி, ஒரே மண், ஒரே வெளிச்சம். அப்படியென்றால் ஊற்றுகிற கைதான் காரணம்.

தண்ணீர்க்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“நான் எல்லாத்துக்கும் அளவாத்தாம்மா ஊத்தறேன். தண்ணி அதுவா வந்து நடுவுல நின்னுக்குது.”

“தண்ணிக்குக் கால் இருக்கா?”

கூடத்தில் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் முனகலை மட்டும் நிறுத்திவிட்டார்.

ஜூன் 2, திங்கள்

நடுவில் இப்போது ஆறு. ஒன்றைப் பிடுங்கினேன். வேர் பழுப்பாக, தொட்டதும் தோலுரிந்து வந்தது. நாற்றம். மூன்று மாத வேலை இது, எவனோ ஒருவன் கையை ஆட்டி ஆட்டி ஊற்றியதற்கு.

பராமரிப்பு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். ‘தண்ணீர் ஊற்றுபவரின் தொடர்ந்த அலட்சியத்தால்’ என்று தொடங்கி ஒரு பக்கம். படங்கள் இணைத்தேன். மூத்தவளுக்கு நகல்.

“தண்ணி ஊத்தற ஆளுக்கும் பேப்பர் திருத்தறியா டீச்சர்?” என்று மட்டும் பதில் வந்தது. திருத்தத்தான் வேண்டும். இந்த அலுவலகத்தில் வேறு யாருக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது?

ஜூன் 5, வியாழன்

தண்ணீர்க்காரரை இங்கிருந்து எடுத்துவிட்டார்கள். பூவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஜூன் 9, திங்கள்

வாசகர்கள் ஏற்கெனவே வந்துபோனாலும் முறையான திறப்பு விழா இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை. மூத்தவளின் புது யோசனை: பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் மாடத்தில் வரிசையாக நின்று பாட வேண்டும். கொடிகளுக்கு நடுவே முகங்கள் தெரிய, கீழேயிருந்து படம் எடுக்க வேண்டும். மாடம் இப்போதைக்குப் பூட்டித்தான் இருக்கிறது, விழாவன்றுதான் திறப்பார்களாம்.

“நடுவுல இருக்கற மொட்டைய நிரப்பிடு. படத்துல தெரியக் கூடாது” என்றாள். செடிக்கு உடம்பு சரியில்லை என்றால் இவளுக்கு அது முகப்பூச்சு விஷயம்.

ஆள் இல்லாததால் இந்த வாரம் நானே தண்ணீர் ஊற்றுகிறேன். அளவுக் குவளையால், மீட்டருக்கு இத்தனை என்று. இனி பார்க்கலாம்.

ஜூன் 12, வியாழன்

நடு இன்னும் சகதி.

நான்கு நாளாக என் கையால் ஊற்றியது. ஒரு துளி அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. முனைகளில் மண் வெடித்திருக்கிறது, நடுவில் விரலை விட்டால் — ஆமாம், விரலைத்தான் விட்டேன் — கணு வரை சேறு.

வெகுநேரம் ஏணிப்படியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ரசமட்டத்தை எடுத்துவந்து தொட்டியின் விளிம்பில், முனைக்கும் நடுவுக்கும் இடையில் வைத்தேன். குமிழி நேராக முனைப் பக்கம் ஓடியது. எதிர்ப் பாதியில் வைத்தேன். அங்கேயும் முனைப் பக்கம்தான். முனையிலிருந்து முனைக்கு நூல் பிடித்து, நடுவில் அளவுகோலை நிறுத்தினேன். மூன்று சென்டிமீட்டர்.

ஏப்ரலில் நானே பார்த்தேனே. நானே எழுதி வைத்தேனே. அன்றைக்கு ஒரு மயிரிழை வளைவுகூட இல்லை.

தொட்டி வளையவில்லை. தொட்டி எதன்மேல் உட்கார்ந்திருக்கிறதோ அது வளைகிறது. தண்ணீருக்குக் கால் இருக்கிறது. அந்த மனுஷன் அன்னிக்கே அதத்தானே சொன்னாரு.

ஜூன் 13, வெள்ளி

காலையிலேயே கட்டுமானப் பொறியாளரின் அலுவலகத்துக்குப் போனேன். மாடம் தாங்கும் என்று கையெழுத்துப் போட்டவர் அவர். மூன்று சென்டிமீட்டர் என்றதும் பேனாவை மூடி வைத்தார். கோப்பை எடுத்துவரச் சொன்னார்.

எங்கள் அலுவலகம் அனுப்பிய சுமைத்தாள் அதில் இருந்தது. இரண்டே கட்டம். நிலைச்சுமை என்றால் கட்டடத்தோடு நிரந்தரமாக இருப்பவை: பலகை, கைப்பிடி, அலமாரி. உயிர்ச்சுமை என்றால் வந்து போகிறவை: ஆட்கள், நாற்காலிகள். மாடத் தொட்டியும் மண்ணும் உயிர்ச்சுமைக் கட்டத்தில் இருந்தன.

“இத ஏன் இங்க போட்டீங்க மேடம்? நான் ஆளுங்க எடைன்னுல்ல நெனச்சேன். மாடத்துக்கு வழக்கமா விடற அளவுக்குள்ள வந்துச்சு, சரின்னு விட்டுட்டேன்.”

“ரெண்டும் சேர்ந்து ஏறினா?”

“சேர்த்து நான் கணக்கே போடலையே.”

பிறகு, என்னை மாணவியாக்கிப் பொறுமையாகச் சொன்னார்: “ஆளுங்க வருவாங்க, போவாங்க. மரம் குனியும், நிமிரும். ராப்பகலா ஏறி உக்காந்திருக்கறது வேற. அதுக்கு மரம் குனிஞ்சுகிட்டே போகும். நிமிரவே நிமிராது.”

தாளின் முந்தைய பிரதியும் கோப்பில் இருந்தது, மார்ச் தொடக்கத்தில் அனுப்பியது. அதில் தொட்டி நிலைச்சுமையில்தான் இருந்தது. அப்போது அது தளவாடம். அந்தப் பிரதியை அவர் பார்க்குமுன்பே திருத்திய பட்டியல் வந்துவிட்டது. சுமைத்தாளைத் தயாரிக்கும் வரைபடக்காரர் புதுத் தலைப்பைப் பார்த்திருக்கிறார். உயிருள்ளவை. உயிர்ச்சுமைக் கட்டத்துக்கு மாற்றிவிட்டார். அவருக்கு வேறு எங்கே தோன்றியிருக்கும்?

பொறியாளர் உஷாராகிவிட்டார். “உங்க ஆபீஸ் குடுத்த தாளுக்குத்தான் நான் கையெழுத்து போட்டேன். உங்க பெரிய மேடம் கையெழுத்தோட புதுத் தாள் குடுங்க, வந்து பாக்கறேன். அதுவரைக்கும் மேல யாரையும் ஏத்தாதீங்க. இது நான் வாயால சொல்றது.”

வாயால் சொல்வதற்குத்தான் இந்த ஊரில் பஞ்சமே இல்லை.

ஜூன் 14, சனி

வீட்டில் அவரிடம் சொன்னேன். “வரைபடக்காரர்தானே கட்டத்த மாத்தினாரு? அப்படியே சொல்லிட்டுப் போயேன். நீ ஏன் உன் தலைல போட்டுக்கற?” என்றார்.

அப்படிச் சொன்னால் பொய்யும் இல்லை. கட்டத்தை மாற்றியது அவர். கவனிக்காமல் அனுப்பியது மூத்தவள். தாளைப் பார்த்துக் கேள்வி கேட்காதது பொறியாளர். நான் கொடுத்த எடை சரி, கிராம் சுத்தமாகச் சரி. நான் செய்ததெல்லாம் ஒரு வார்த்தை.

எதற்காக அந்த வார்த்தை? செடிகளுக்காகவா? செடிகளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஜூன் 16, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூத்தவள் அலுவலகத்தில் தனியாக இருந்தாள். மாடத் தொட்டியை இறக்க வேண்டும், பிள்ளைகளை மேலே ஏற்றக் கூடாது என்றேன்.

“வந்துட்டா. விழாவுக்கு நாலு நாள் இருக்கு, டீச்சருக்கு வயித்தெரிச்சல் ஆரம்பிச்சாச்சு.”

“மாடம் வளையுது அக்கா. நூல் புடிச்சுப் பாத்தேன்.”

அவள் கைப்பேசியை எடுத்து, நான் அனுப்பிய மெயில்களின் தலைப்புகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள், செய்தி வாசிக்கிற குரலில். “கழிப்பறை அருகே வெளிச்சமின்மை. பெரணிகள்மீது ஏசி காற்று. மீண்டும் ஏசி காற்று. ஏசி காற்று, மூன்றாம் நினைவூட்டல். தண்ணீர் ஊற்றுபவரின் அலட்சியம். முப்பத்தேழு மெயில் டீச்சர், ஒரே வேலைக்கு. ரெண்டு வாரம் முன்ன தண்ணிக்காரன் தப்பு. இப்ப மாடத்தோட தப்பா?”

“மூணு சென்டிமீட்டர் இறங்கியிருக்கு.”

“பழைய கட்டடம். முன்னாடியே கோணலா இருந்திருக்கும்.”

“ஏப்ரல்ல நேரா இருந்துச்சு. நானே பாத்தேன். எழுதி வச்சிருக்கேன்.”

“நீ பாத்த. நீ எழுதின. இந்த உலகத்துல உனக்கு மட்டும்தான் கண்ணு. எங்களுக்கெல்லாம் ரெண்டு பொத்தல்.”

கிளம்பிவிடலாம் என்று தோன்றியது. சொன்னேன், கேட்கவில்லை, இனி என்ன ஆனாலும் அவள் பாடு. அந்த எண்ணத்தில் ஒரு சுகம்கூட இருந்தது. அதை இங்கே மறைத்து என்ன ஆகப் போகிறது? கதவுவரை போனேன். கைப்பிடியைப் பிடித்தபோது நாற்பது பிள்ளைகள் என்று மனதில் ஓடியது. ஒவ்வொன்றும் முப்பது கிலோ என்று கணக்குப் போட்டது பாழாய்ப்போன மூளை.

“தப்பு என்னுது” என்றேன்.

“என்ன?”

“தளவாடம்னு நீங்க போட்டிருந்தப்ப அது நிலைச்சுமைல இருந்துச்சு. உயிருள்ளவைன்னு நான் அடம்புடிச்சு மாத்தினதாலதான் உயிர்ச்சுமைக்குப் போச்சு. பொறியாளர் அத ஆளுங்க எடைன்னு நெனச்சுட்டாரு. நீங்க எழுதின மாதிரியே விட்டிருந்தா, மாடம் தாங்காதுன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நீங்க எழுதினதுதான் சரி.”

அவள் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“திருப்பிச் சொல்லு.”

சொன்னேன். முழுதாக, முதலிலிருந்து. கல்லூரியில்கூட யாரும் என்னை ஒரே பாடத்தை இரண்டு முறை ஒப்பிக்க வைத்ததில்லை.

என் முகத்தையே பார்த்தாள். “உன் தப்புன்னு உன் வாயால சொல்றியா? அப்ப நெசமாவே விழப்போகுது.”

பொறியாளரை அழைத்தாள். இரண்டு நிமிடத்தில் புதுத் தாளில் கையெழுத்துப் போட்டாள். நூலகரிடம் மாடத்தின் சாவியை வாங்கிவர ஆள் அனுப்பினாள். என்னிடம் ஒரு நல்ல வார்த்தை? இல்லை. நான் வெளியே வரும்போது முதுகுக்குப் பின்னால் சொன்னாள்: “இருபத்திரண்டு வருஷம். இந்த ஒரு வார்த்தைய இவ வாயிலேர்ந்து வாங்க ஒரு மாடம் வளைய வேண்டியிருக்கு.”

ஜூன் 17, செவ்வாய்

பொறியாளர் வந்து மாடத்தின் அடிப்பலகைகளைக் கழற்றினார். நடு உத்தரம் ஒன்று சுவருக்குள் நுழையும் இடத்தில் நீளவாக்கில் பிளந்திருக்கிறது. அந்தப் பிளவில் என் சுண்டுவிரல் நுழைந்தது.

மூத்தவள் என் விரலைப் பார்த்தாள்.

ஜூன் 18, புதன்

மண்ணை வாளி வாளியாக இறக்கினோம். கொடிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கீழே பரப்பினோம். முட்டுக் கொடுத்து மாடத்தைப் பூட்டியாகிவிட்டது.

இப்போது இவற்றை எங்கே வைப்பது என்பதில் நாள் முழுக்க மல்லுக்கட்டு. அவளுக்கு வாசலில் குவிக்க வேண்டும், நுழைந்ததும் கண்ணில் பட. எனக்கு மேற்கு ஜன்னல் பக்கம் வேண்டும்: மூன்று மணிக்கு மேல் செய்தித்தாள் மேசையில் வெயில் அடிக்கிறது, வயதானவர்கள் தாளைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு படிக்கிறார்கள். அங்கே ஆளுயரத்துக்குச் சட்டம் அடித்துக் கொடியை ஏற்றினால் கண் கூசாது, வெளிச்சமும் போகாது.

“உனக்கு மேசையப் பத்தி என்ன தெரியும்?” என்றாள்.

“உங்களுக்கு வெயிலப் பத்தித் தெரிஞ்ச அளவு” என்றேன்.

மூன்றரைக்குக் கையில் ஒரு செய்தித்தாளோடு அந்த மேசையில் போய் உட்கார்ந்தாள். இரண்டு நிமிடம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருந்தாள். எழுந்து வந்து தச்சரிடம், “சட்டத்த இங்க அடிங்க. மேசைய ஒரு அடி தள்ளிப் போடுங்க, செடிக்குப் பின்னால ஆள் போக வழி வேணும்” என்றாள். அந்த ஒரு அடி எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் 20, வெள்ளி

பிள்ளைகள் தரையில் நின்று பாடினார்கள். சுருதி சேரவில்லை. ஒன்றும் விழவில்லை.

உரையில் மூத்தவள், “எங்கள் தாவரவியல் நிபுணரின் கடைசி நேர ஆலோசனைப்படி” என்றாள். கடைசி நேர என்பதை அழுத்திச் சொன்னாள். கைதட்டினார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

பராமரிப்பு நிறுவனத்தில் கேட்டுத் தண்ணீர்க்காரரைத் தேடிப் போனேன். இப்போது ஒரு வங்கியின் முன்கூடத்தில் வேலை. உள்ளே நுழைந்ததும் பகீரென்றது. கூடம் முழுக்கப் பிளாஸ்டிக் செடிகள். பனை, பெரணி, மூங்கில், எல்லாம் ஒரே பச்சை. அவர் ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். முனகல் இல்லை.

“மாடம்தான் வளைஞ்சிருந்துது. நீங்க சொன்னது சரி. மன்னிச்சிடுங்க” என்றேன்.

“அப்ப தண்ணிக்குக் கால் இருக்குன்றீங்களா மேடம்?”

அம்மா போய் மேடம் வந்துவிட்டது.

“திரும்ப நூலகத்துக்கு வர்றீங்களா? நான் பேசறேன்.”

“எதுக்கு மேடம்? இதுக்கு உயிர் இல்ல. துடைச்சாப் போதும். மஞ்சளாகாது, அழுகாது, யாரும் லெட்டர் எழுத மாட்டாங்க.” அடுத்த இலைக்கு நகர்ந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: “அலட்சியம்னு எழுதியிருந்தீங்களாமே. என் ஃபைல்ல இருக்கு. இருபது வருஷத்துல அந்த ஃபைல்ல இருக்கற ஒரே காகிதம் அதுதான். எழுத்துல குடுத்தீங்க, எழுத்துல எடுங்க. வாயால சொல்றத வச்சு நான் என்ன பண்றது?”

ஜூலை 2, புதன்

கடிதம். முதல் வரைவில் ‘எனினும்’ என்று ஒரு வாக்கியம். இரண்டாவதில் ‘அன்றைய சூழலில்’. மூன்றாவதில் பொறியாளர் வந்துவிட்டார். எவ்வளவு சாமர்த்தியமாக நழுவத் தெரிகிறது எனக்கு. மாணவிகள் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன்.

அனுப்பியது இவ்வளவுதான்: ‘ஜூன் 2 தேதியிட்ட என் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். செடிகள் அழுகியதற்கு மாடத்தின் வளைவே காரணம். அதை முதலில் கண்டு சொன்னவர் அவர்தான். கேட்காதது என் அலட்சியம்.’

மூத்தவளுக்கும் நகல். அவளிடமிருந்து பதில் இல்லை. டீச்சர் என்று ஒரு வரிகூட இல்லை.

ஜூலை 14, திங்கள்

அடுத்த வேலை, ஒரு பல் மருத்துவமனை. பொருள் பட்டியல் கூட்டம்.

“செடிய எங்க போடணும் டீச்சர்?”

“தளவாடத்துல.”

“குடைத்தாங்கிக்கு மேலயா, கீழயா?”

வரைபடக்காரர் குனிந்துகொண்டார்.

“போட்டுத் தொலைங்க அக்கா.”

வெளியே வந்து பட்டியலைப் பார்த்தேன். தளவாடங்களில்தான் இருந்தன. மேலே போட்டிருந்தாள். அவளுடைய வரைபடத்தில் பச்சை வட்டங்கள் ஒன்பதுதான். அதில் இரண்டு இருட்டில் இருக்கின்றன. மெயில் போட வேண்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை நூலகத்துக்குப் போனேன். மேற்கு ஜன்னல் கொடிகள் சட்டத்தின் உச்சியைத் தொட்டுவிட்டன. செய்தித்தாள் மேசையில் நான்கு பேர், தாளை மேசைமேல் விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பூவாளி நிமிர்ந்திருந்தது. தண்ணீர்க்காரர் சட்டத்தின் அடியில் குந்தி, தொட்டி தொட்டியாக விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். வணக்கம் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் பொய்.

கடைசித் தொட்டியில் விரல் நின்றது.

“மேடம், இதுல யாரோ ரெண்டு நாளா அதிகமா ஊத்தியிருக்காங்க.”

“நான்தான்.”

விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். “லெட்டர் எழுதட்டுமா?”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஈரமானியைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது பின்னால் அந்த ஒரே மெட்டு, தொண்டைக்குள்ளேயே, தொடங்கியிருந்தது.